தட்டு டாக்டருக்குள் எத்தனை பேர்

1

அப்பா போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. சாவுக்குப் போக முடியாதவள், வருடப் படையலுக்காவது போய்ச் சேர்ந்தேன்.

சாவுக்கு ஏன் போகவில்லை என்று உறவுகள் இன்னும் கேட்கிறார்கள். அயர்லாந்தில் பதினெட்டு வருடமாக நர்ஸ் வேலை பார்க்கிறேன். அப்பா இறந்தபோது குடியுரிமை விண்ணப்பத்தோடு என் பாஸ்போர்ட் ஓர் அலுவலகத்தில் இருந்தது. பிறந்த ஊர் என்ற கட்டத்தில் நான் எங்கள் ஊர்ப் பெயரை எழுதியிருந்தேன். ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூருக்கும் அப்பால், பஸ்ஸை விட்டு இறங்கி அரை மணி நேரம் நடந்தால் வருகிற ஊர். அவர்கள் கம்ப்யூட்டரில் அப்படி ஓர் ஊர் இல்லையாம். பட்டியலில் இருக்கிற ஊரில் பிறந்திருந்தால் தெரிவிக்கவும் என்று பணிவாகக் கடிதம் போட்டார்கள். பட்டியலைப் பார்த்து போளூரில் பிறந்துவிட்டேன். அதற்குள் அப்பாவை அடக்கம் செய்து பதினோரு நாள் ஆகியிருந்தது.

அடக்கத்தை வீடியோ காலில் பார்த்தேன். சித்தப்பா மகன் போனைப் பிடித்துக்கொண்டிருந்தான். மலையில் சிக்னல் தன் இஷ்டத்துக்கு வரும், போகும். அப்பாவின் முகத்தருகே போன் போகிற நேரத்தில் படம் அப்படியே நின்றுவிட்டது. நின்ற படத்தில் இருந்தது குனிந்துகொண்டிருந்த எங்கள் பெரியப்பாவின் மூக்குத் துவாரம். மூன்று நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“அப்பா மூஞ்சிய கடைசியா ஒருவாட்டி பாக்கணும்னு கேட்டேன். பெரியப்பா மூளை வரைக்கும் காட்டிட்டாங்க” என்றேன்.

என் கணவர் பழக்கதோஷத்தில் சிரித்துவிட்டார். பதினாறு வயது மகள் தேன்மொழி சிரிக்கவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மெதுவாகத்தான் சாத்தினாள். அறைந்து சாத்தியிருந்தால் நான் இவ்வளவு நினைத்திருக்க மாட்டேன்.

2

பத்து நாள் கழித்துப் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. தேனு மதிப்பெண்ணில் கோட்டை விட்டிருப்பாள் என்று நினைத்துப் போனேன். மதிப்பெண் எல்லாம் ஒழுங்காக இருந்தது. கெட்டிருந்தது நான்தான்.

அவள் தானாகப் போய்ப் பள்ளி ஆலோசகரிடம் பேசியிருக்கிறாள். என் முன்னால் மறுபடி சொல்லும்படி அவர் கேட்டுக்கொண்டார். தேனு தரையைப் பார்த்தபடி ஆங்கிலத்தில் சொன்னாள். தமிழில் எழுதினால் இப்படி வரும்: “எங்க அம்மாவுக்கு எதுவுமே வலிக்காது. எல்லாத்தையும் ஜோக்கா ஆக்கிடுவாங்க. அதனால எனக்கு வலிக்கிறது எதையும் அவங்ககிட்ட சொல்றதில்லை.”

நான் உடனே ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். சொன்னேன். “ஆஸ்பத்திரியில பன்னெண்டு மணி நேரம் நின்னுட்டு வந்து பாரு, எது வலிக்குதுன்னு தெரியும்” என்றேன். ஆலோசகர் அதைக் குறித்துக்கொண்டார். எழுதும்போது அவர் முகத்தில் ஒரு திருப்தி இருந்தது. நோய்க்குச் சாட்சி கையிலேயே கிடைத்த திருப்தி. வார்டில் அப்படி முகத்தை வைத்துக்கொண்டு நானும் எவ்வளவோ எழுதியிருக்கிறேன்.

இப்படித்தான் மேவ் என்ற பெண்மணியிடம் என்னை அனுப்பினார்கள். எட்டு வாரம். நோயாளி நான்.

3

மேவுக்கு அறுபது வயது இருக்கும். முதல் நாள் ஒரு படிவம் தந்தார். கடந்த இரு வாரங்களில் எத்தனை நாள் சோகமாக இருந்தீர்கள், பூஜ்யம் முதல் மூன்று வரை. அயர்லாந்தில் மழை எத்தனை நாள் பெய்ததோ அத்தனை என்று எழுத இடமில்லை.

பெயரை எப்படி உச்சரிப்பது என்று கேட்டார். என் பெயர் பூங்காவனம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் முதல் எழுத்தைச் சொன்னதும் வார்டே குனிந்து சிரித்தது. அவர்கள் குழந்தைகள் கழிப்பறைக்குப் போக அந்த எழுத்தைத்தான் சொல்வார்களாம். அன்றிலிருந்து பின்பாதியை மட்டும் கொடுத்திருக்கிறேன், வனம். சேர்ந்த நாளன்று நானும் சேர்ந்து சிரித்தேன் என்பதையும் சொன்னேன். மேவ் அதையும் குறித்துக்கொண்டார்.

அவருடைய வைத்தியம் இதுதான். நமக்குள் ஒரே ஆள் இல்லையாம், பல பேர். கோபக்காரி ஒருத்தி, பயந்தாங்கொள்ளி ஒருத்தி, எல்லாம் சரியாக நடக்க வேண்டும் என்று அதட்டுகிறவள் ஒருத்தி. எவளையும் விரட்டக் கூடாது. ஒவ்வொருத்தியையும் அன்போடு பார்த்து, உனக்கு என்னம்மா கவலை என்று விசாரிக்க வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. எங்கள் ஊரில் ஒருத்திக்குள் நாலு பேர் இருந்தால் வேப்பிலையோடு ஆள் வரும். இங்கே மணிக்கணக்கில் நாற்காலி போட்டுப் பேசுகிறார்கள்.

தாய்மொழியில் படித்தால் உதவும் என்று தமிழில் ஒரு துண்டுப் பிரசுரம் வரவழைத்துக் கொடுத்தார். எந்த மெஷின் மொழிபெயர்த்ததோ, தலைப்பே இப்படி: ‘உங்கள் உள் உறுப்புகளிடம் இரக்கத்துடன் பேசுங்கள்.’ இருபத்துநாலு வருட அனுபவமுள்ள நர்ஸ் நான். இரண்டு நாள் கல்லீரலிடம் நலம் விசாரித்தேன். கணையத்தைப் பாராட்டினேன். தேனுவிடம் இதைச் சொன்னபோது உதடு லேசாகக் கோணியது. பல வாரங்களுக்குப் பிறகு என்னைப் பார்த்து அவள் முகத்தில் வந்த முதல் அசைவு அது. ஆனால் அதுவும் ஜோக்குக்குத்தானே வந்தது என்று பிறகு தோன்றியது.

மூன்றாவது வாரமே மேவ் என்னிடம் இருக்கிற முக்கியமான ஆளைப் பிடித்துவிட்டார். கிண்டல்காரி. “அவளிடம் கேளுங்கள். வேலையை நிறுத்தினால் என்ன ஆகிவிடும் என்று பயப்படுகிறாள்?”

“வேலையில்லாதவர்களுக்கான உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பாள்” என்றேன்.

மேவ் நன்றாகவே சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, “நல்ல ஜோக். இப்போது பதில் சொல்லுங்கள்” என்றார்.

நான் இன்னொரு ஜோக்கைத் தேடினேன். உங்கள் பாஷையிலேயே கேட்டுப் பாருங்கள் என்றார். கண்ணை மூடிக்கொண்டேன். வாயில் வந்தது, “இன்னாடி வோணும் உனக்கு?” அதற்கு என்ன பொருள் என்று மேவ் கேட்டார். அன்போடு வரவேற்கிறேன் என்று பொருள் என்றேன். அழகான மொழி என்றார்.

எட்டு வாரம் முடிந்தது. கடைசிப் படிவத்தில் எல்லாவற்றுக்கும் நல்ல எண்களாகப் போட்டேன். எனக்குப் பரீட்சை எழுதத் தெரியும். மேவ் படிவத்தைப் பார்த்துவிட்டு, “கிண்டல்காரி நன்றாகப் பூர்த்தி செய்திருக்கிறாள்” என்றார். அந்தப் பெண்மணியை எனக்குப் பிடித்துத் தொலைத்தது அன்றைக்குத்தான்.

4

படையலுக்கு நானும் தேனுவும் மட்டும் போனோம். கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. தேனு வருவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. “தாத்தாவ நான் ஒழுங்கா பாக்கணும்” என்றாள். ‘ஒழுங்கா’ என்ற சொல்லில் ஊசி இருந்தது. அவள் தாத்தாவைப் பார்த்தது மொத்தமே இரண்டு தடவை.

எங்கள் அண்ணன் வெங்கடேசன் இப்போது ஓட்டு வீட்டை இடித்துத் தளம் போட்டிருக்கிறான். சாமை போடுகிறான், பத்துப் பதினைந்து புளியமரம் இருக்கிறது. அப்பாவின் படத்தை முன்கூடத்தில் மாட்டியிருந்தார்கள். போட்டோக்காரர் கைவரிசையில் அப்பா நல்ல சிவப்பாகி, கோட்டு போட்டு, பின்னால் நீர்வீழ்ச்சியோடு நின்றார். வாழ்நாளில் கோட்டைத் தொட்டதில்லை. நான் வாயைத் திறக்கப் போனேன். தேனு பார்த்தாள். மூடிக்கொண்டேன்.

மதியம் படையல் முடிந்து பந்தி. பெரியப்பா வீட்டு ஆட்கள், அத்தை மக்கள் என்று கூடம் நிறைந்துவிட்டது. எங்கள் குடும்பத்தில் பத்துப் பேர் ஒன்றாய் உட்கார்ந்தால் ஒரு கதை கட்டாயம் வரும். நானும் அயர்லாந்தில் தமிழ்ச் சங்கப் பொங்கல்களில் அதே கதையைச் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். என் கதைதான். தட்டு டாக்டர் கதை.

அண்ணன் ஆரம்பித்தான். தேனு புரிந்துகொள்ள வேண்டும் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னான். எனக்குப் பதினோரு வயது. சந்தவாசல் பக்கம் ஒரு பெண்கள் விடுதியில் சேர்த்திருந்தார்கள். ஊர்ப் பெயர் வேண்டாம். மலையில் அப்போது ஐந்தாவதுக்கு மேல் படித்த பெண் எங்கள் ஊரில் கிடையாது. “என் பொண்ணு டாக்டருக்குப் படிக்கப் போயிருக்குது” என்று அப்பா பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஒருநாள் நல்ல மழையில், விடுதியில் கொடுத்த அலுமினியத் தட்டைத் தலையில் குடையாகப் பிடித்துக்கொண்டு நான் வாசலில் வந்து நிற்கிறேன். கீழே சந்தையில் புளி விற்றுவிட்டு மலையேறுகிற ஆட்களோடு ஒற்றையடிப் பாதையில் நடந்தே வந்திருக்கிறேன். அன்றைக்கும் ஏதோ விசேஷம், வீடு நிறைய ஆட்கள்.

“எங்கப்பா ஒரு பார்வ பாத்தாரு” என்று அண்ணன் அப்பாவின் குரலை எடுத்தான். “‘இன்னாம்மா, டாக்டருக்குப் படிச்சு முடிச்சிட்டியா? அதுக்குள்ளியுமா?’ன்னாரு. அவ்ளோதான், வூடே விழுந்து விழுந்து சிரிக்குது. இவ இன்னா சொன்னா தெரியுமா?”

கூடம் முழுவதும் என்னைப் பார்த்தது. அடுத்த வரி என்னுடையது. “இன்னும் ஆப்பரேசன் மட்டும்தான் பாக்கி, தட்டு எடுத்தாந்துட்டேன், கத்தி குடுங்க” என்றேன், முப்பத்தைந்து வருடப் பழக்கத்தில். பந்தி சிரித்தது. அண்ணி பாயசக் கரண்டியோடு சுவரில் சாய்ந்துவிட்டாள். மறுநாள் காலையில் அப்பா என்னைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போய் விட்டதோடு கதை முடியும்.

தேனு சிரிக்கவில்லை. அண்ணனைப் பார்த்து அவளுடைய வளைந்த தமிழில் கேட்டாள்:

“மாமா, அம்மா ஏன் ஓடி வந்தாங்க?”

அண்ணன் யோசித்தான். பெரியப்பாவைப் பார்த்தான். அவர் அத்தையைப் பார்த்தார். யாருக்கும் தெரியவில்லை. முப்பத்தைந்து வருடமாக, வருடத்துக்கு இரண்டு தடவையாவது சொல்லப்பட்ட கதை. ஏன் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. கதைக்கு அது தேவைப்படவில்லை.

“பசங்கதானே கண்ணு. வூட்டு நெனப்பு வந்திருக்கும்” என்றாள் அத்தை.

தேனு என் பக்கம் திரும்பினாள். “ஏம்மா?”

5

வாயில் ஜோக் ரெடியாக இருந்தது. சத்தியமாக. விடுதிச் சாம்பாரைப் பற்றி ஒன்று, தமிழ்ச் சங்கத்தில் நன்றாக எடுபட்டது. அதைச் சொல்ல நாக்கு எழுந்தபோதுதான் கவனித்தேன், தேனு சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சொன்னேன். விடுதியில் படுக்கையில் மூத்திரம் போய்விட்டேன். முதல் தடவை யாருக்கும் தெரியவில்லை. இரண்டாம் தடவை வார்டன் கண்டுபிடித்தாள். நனைந்த போர்வையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, காய்கிற வரைக்கும் முற்றத்தில் நிற்க வைத்தாள். பிள்ளைகள் எல்லாரும் என்னைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போனார்கள். மலையில மழை ஜாஸ்தி போல என்று ஒருத்தி சொல்ல, அதுவே என் பெயராகிவிட்டது, மலைமழை. மூன்றாவது தடவை போனபோது இன்னும் சரியாக விடியவில்லை. யாரும் எழுவதற்குள் கிளம்பிவிட்டேன். தட்டை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், நான் கையெழுத்துப் போட்டு வாங்கிய முதல் பொருள் அது. காணாமல் போனால் அப்பாவைக் கூப்பிட்டுக் கேட்பார்கள் என்று பயம்.

“வழி பூரா ஒரே வார்த்தைய சொல்லிப் பாத்துக்கினே வந்தேன்” என்றேன். “‘அப்பா, நான் அங்க போமாட்டேன்.’ அவ்ளோதான். அப்பா முந்திக்கினாரு. எல்லாரும் சிரிச்சீங்க. நானும் ஒண்ணு சொன்னேன், இன்னும் ஜாஸ்தி சிரிச்சீங்க. அப்பா என்னத் தூக்கி மடியில வச்சிக்கினு, எம்பொண்ணு வாயப் பாருங்கடான்னாரு. அப்புறம் எப்படிச் சொல்றது?”

அத்தை முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். பெரியப்பா மோர் கேட்டார்.

அண்ணன்தான் பேசினான். இலையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

“அன்னிக்கு எல்லாரையும் விட சத்தமா சிரிச்சது நான்தான். நீ வந்து நின்னதும் பயந்துட்டேன். முந்தின வருசம் நான் ஆஸ்டல்ல இருந்து மூணே நாள்ல ஓடியாந்தேன்ல. நீயும் வந்துட்டா, ஒருத்தராவது படிக்கணும்னு அப்பா என்ன மறுபடியும் புடிச்சு அனுப்பிடுவாரு. நீ போய்டணும்னுதான் சிரிச்சேன்.”

அவன் ஏன் ஓடி வந்தான் என்று தேனு அவனிடமும் கேட்கப் போனாள். அண்ணன் இலையை மடித்துவிட்டுக் கைகழுவ எழுந்துவிட்டான்.

பந்தி கலைந்ததும் வீட்டுக்குப் பின்னால் சாமைக் கொல்லை ஓரத்துப் பாறையில் போய் உட்கார்ந்தேன். மேவ் சொன்னதைச் செய்து பார்க்க யாருக்கும் தெரியாத இடம் வேண்டும். அயர்லாந்தில் செய்தால் வைத்தியம், எங்கள் ஊரில் செய்தால் பேய்.

பதினோரு வயதுக்காரியைக் கூப்பிட்டேன். வரவில்லை. வந்தது வேறொருத்தி. ‘டாக்டரம்மா, பேஷண்டு லேட்டு, டோக்கன் நம்பர் இன்னா’ என்று ஆரம்பித்தாள். வழக்கமாக இவளுக்கு இரண்டு விதமாகத்தான் பதில் சொல்வேன். சேர்ந்து சிரிப்பேன், இல்லையென்றால் சீ போ என்பேன். அன்றைக்கு முதல்முறையாக அவளைக் கொஞ்சம் பார்த்தேன். அந்தக் கூடத்தில், அத்தனை சிரிப்புக்கு நடுவில், நனைந்து நின்ற பிள்ளைக்காக ஓடி வந்தவள் இவள் ஒருத்திதான். அப்பாவின் மடியை வாங்கிக் கொடுத்தவள். வார்டில் பெயரைக் கேட்டுச் சிரித்தபோதும் முன்னால் போய் நின்றவள். அப்பாவின் முகம் தெரியாமல் போன அந்த மூன்று நிமிடமும் இவள் இல்லாவிட்டால் நான் தரையில் விழுந்திருப்பேன். முப்பத்தைந்து வருடம், ஒருநாள் லீவு கிடையாது. எந்த ஆஸ்பத்திரியிலும் இப்படி டூட்டி போட மாட்டார்கள்.

“நல்லாத்தான் பாத்துக்கின. கொஞ்ச நேரம் உக்காரு. நான் பேசறேன்” என்றேன். வாய்விட்டே சொன்னேன். கொல்லையில் மேய்ந்துகொண்டிருந்த ஆடு ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்தது.

அதற்குப் பிறகுதான் அந்தப் பிள்ளை வந்தது. அதனிடம் நான் பெரிதாக ஒன்றும் பேசவில்லை. நீ தைரியசாலி, வலிமையானவள் என்று பிரசுரத்தில் போட்டிருந்தது எதையும் சொல்லவில்லை. “இன்னாச்சு, சொல்லு” என்றேன். அது சொன்னது. நான் கேட்டேன். அழுதேன் என்று எழுதினால் மேவ் படிவத்தில் எத்தனை எண் போடுவாரோ தெரியாது. அழுதேன்.

இத்தோடு நான் திருந்திவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அன்று மாலையே, அப்பாவுக்கு அந்தக் கோட்டு யார் வாடகைக்குக் கொடுத்தது என்று அண்ணியிடம் கேட்டுவிட்டேன்.

6

மறுநாள் போளூர் பஸ்ஸில் மலையிறங்கினோம். மலைப் பாதையில் கொண்டையூசி வளைவுகள் தொடங்கியதுமே தேனு வெளுத்துவிட்டாள். ஏறும்போது ஒன்றும் ஆகவில்லை, இறங்கும்போது பிடித்துக்கொண்டது. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெண் ஒரு பிளாஸ்டிக் கவரை நீட்டினாள். மலை பஸ்ஸில் அதை எல்லாரும் கையிலேயே வைத்திருப்பார்கள். தேனு முழுக்க வாந்தி எடுத்தாள். நான் நெற்றியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். தண்ணீர் கொடுத்தேன். வாய் கொப்பளித்துவிட்டு நிமிர்ந்தாள். பஸ்ஸில் பாதிப் பேர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் கவரைத் தூக்கிக் காட்டி, எல்லாருக்கும் கேட்கும்படி தமிழில் சொன்னாள்: “தாத்தாவுக்குப் படைச்சது எல்லாத்தையும் திருப்பிக் குடுத்துட்டேன்.”

பஸ் சிரித்தது. கவர் கொடுத்த பெண் திரும்பிப் பார்த்து, வாய்க்காரப் பொண்ணு என்றாள். அருமையான ஜோக். சரியான நேரம், சரியான சொல். எங்கப்பா இருந்திருந்தால் மடியில் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார். எனக்கும் சிரிப்பு தொண்டைவரை வந்துவிட்டது.

அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் கவரைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன.

நான் சிரிக்கவில்லை. கவரை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். “ரொம்ப முடியலையா கண்ணு?” என்று மெதுவாகக் கேட்டேன்.

அவளிடம் இன்னொரு ஜோக் இருந்தது. உதடு அதற்குத் தயாரானதை நான் பார்த்தேன். எனக்குத் தெரியாதா அந்த உதடு. ஒரு வளைவு முழுவதும் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

“ஆமா” என்றாள். தலையைக் கொண்டுவந்து என் தோளில் வைத்துக்கொண்டாள்.

போளூர் வருவதற்குள் தோள் மரத்துப்போய்விட்டது. நான் அசையவில்லை.